கவாத்தும் மறக்கருணையும்

பெரும்பொழுது ஆறனுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் எனவும், மார்கழியும் தையும் முன்பனி எனவும் பெயர்பெறும். கூதிர் கழிந்து பனி தலைப்படும் எல்லைக்கண் நந்தவனத் தொண்டர் செய்யும் பணி ஒன்றுண்டு. அது பூப்பறித்தலன்று, மல்லிகையை வெட்டுதலாம். அதனைக் கவாத்து என்பர். இறைவன் பூசைக்கென வளர்த்த செடியை வளர்த்த கையே வெட்டுதல் அன்போ, வன்கண்மையோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

செட்டிநாட்டு ஆத்தங்குடியில், வடகிழக்குப் பருவமழை ஓயும் தறுவாயில், முதிய தொண்டர் ஒருவர் இப்பணி செய்யக் கண்டோம். சின்னாள் முன்னரே அவர் நீர் விடுதலை நிறுத்தியிருந்தார். இலைகளை உருவி, பட்டனவும் நோயுற்றனவும் ஒன்றோடொன்று பின்னியனவுமாகிய கிளைகளைக் களைந்து, குண்டுமல்லித் தூறுகளை நிலத்தினின்று 50 சென்டிமீட்டர் அளவாக நறுக்கினார். பின்னர் வேரடியைக் கொத்தி எருவிட்டார். தோட்டம் பாழ்பட்டது போலத் தோன்றிற்று. ஆயினும், மல்லிகை அரும்புவது புதுத்தளிரிலாகலின், பங்குனி தொட்டுப் பூ மிகுவது இவ்வெட்டினாலேயாம். அருகில் நின்ற பிச்சியை அவர் தொட்டிலர். வினவியபோது, “அதற்குத் தை வரட்டும், ஐயா” என்றார்.

முதல்வனது கருணை அறக்கருணை, மறக்கருணை என இருதிறப்படும் என்பது சித்தாந்தத் துணிபு. சொல்வழி நில்லாத மக்களைத் தந்தைதாயர் ஒறுப்பதும் பரிவே என்று காட்டி, இறைவன் செய்யும் நிக்கிரகமும் அருளேயென நிறுவுவர் சிவஞானசித்தியாருடையார். ஐந்தொழிலுள் மறைத்தலும் அத்தன்மைத்தே. திரோதான சத்தியை மலமென்றல் உபசாரம். அஃது உயிரின் மலம் பரிபாகமுறுதற்பொருட்டு நிற்கும் அருட்சத்தியேயாம். இதற்கோர் உவமை இவ்வூர்க் கைத்தொழிலிலேயே உளது. ஆத்தங்குடித் தளக்கல் செய்வோர் வண்ணச் சாந்தினைக் கண்ணாடிமேல் வார்த்து, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு மூடுவர். பூவேலை கீழ்முகமாக மறைந்தே கிடக்கும். சாந்து இறுகியபின் கண்ணாடியை நீக்கவே அதன் பொலிவு புலப்படும். மறைப்பு ஈண்டுப் பக்குவத்தின்பொருட்டேயன்றி அழிவின்பொருட்டன்று.

அற்றேல், நாமும் பிறரைக் கடிந்தொறுத்துவிட்டு, ‘யாம் செய்தது மறக்கருணை’ எனல் அமையுமோவெனின், அமையாது. உயிர்க்குயிராய் நின்று ஒவ்வோருயிரின் பக்குவத்தையும் உள்ளவாறறிபவன் இறைவன் ஒருவனே. நந்தவனத் தொண்டர்க்கோ செடியின் பருவமாதல் தெரியும்; அதனாலன்றோ மல்லிகையை வெட்டிய அதே நாளிற் பிச்சியை விடுத்தார். பிறன் உள்ளத்தின் பருவம் அவ்வளவுதானும் நமக்குப் புலப்படுவதில்லை.

யாமும் ஒருகால் மாணாக்கன் ஒருவனைப் பலர்முன் கடிந்து, அதற்குக் கருணையென்று பெயரிட்டு அமைந்தோம். அன்று பாடம் விட்டுச் சென்றவன் மீண்டிலன். அவன் பருவத்தை யாம் உசாவியதில்லை, வெட்டியபின் எருவிட்டதுமில்லை. எம் சினமே கருணையின் வேடம் பூண்டு வந்ததென்பது பன்னாட் கழிந்தே விளங்கிற்று.

எறிபத்தநாயனார் வரலாறும் இவ்விடத்து நினையத்தக்கது. கருவூரில் மகாநவமியின் முன்னாள், சிவகாமியாண்டார் கொணர்ந்த பூக்கூடையைப் பட்டத்து யானை பறித்துச் சிந்தியது. அது கேட்ட நாயனார் யானையையும் உடன்வந்த ஐவரையும் மழுவால் வீழ்த்தினார். அங்கு வந்த புகழ்ச்சோழர் அடியார்க்கு நேர்ந்த தீங்கிற்கு இவ்வொறுப்புப் போதாதென்று, தம்மையும் கொல்லுமாறு உடைவாளை நீட்டினார். அவ்வன்பினைக் கண்ட நாயனார், இவர்க்குத் தீங்கு நினைந்தேனேயென இரங்கி, அவ்வாளைத் தம் கழுத்திலேயே பூட்டி அரியப் புகுந்தார். இறைவன் திருவருளால் யானையும் ஐவரும் உயிர்பெற்றெழுந்தனர், பூக்கூடையும் நிறைந்தது. சிவத்தொண்டின்பொருட்டு மழுவெடுத்த பெருந்தகையாரே வாளைத் தம்மேற் திருப்பினர் எனின், சிறுமையால் நாவைக் கூர்மை செய்யும் நாம் எம்மட்டு?

ஆகலின் கவாத்து முதற்கண் தன்னெஞ்சிற் செய்யற்பாலது. பின்னிக்கிடக்கும் யான் எனதென்னும் கிளைகளை ஆண்டே களைக. பிறரைத் திருத்துங் கடமை ஆசிரியராயும் பெற்றோராயும் நம்மேல் வந்துழி, பருவமறிந்து, அளவறிந்து, பின்னும் அருகிருந்து நீர்விட ஒருப்பட்டே அதனைச் செய்க. வெட்டியவன் பங்குனிவரை தோட்டத்தை விட்டு நீங்கலாகாது. அவ்வாறு காத்திருக்க மனமில்லாதவன் அரிவாளைத் தொடாதிருத்தலே சிவபுண்ணியமாம்.

திருச்சிற்றம்பலம்.