இருமலுக்கு முன்னால்

கலவானப் பக்கம் மழைக்குப் பஞ்சமில்லை. சிங்கராஜ வனத்தை ஒட்டிய ஊர். கொழுந்தெடுக்கும் பெண்கள் மழையைத் திட்டும்போது எனக்கு மட்டும் நிம்மதி. படங்குக்குக் கீழே பாவாடை நனைந்திருந்தால் மழை என்றே நினைப்பார்கள். முன்பெல்லாம் வெயில் நாளில்தான் பயம். ஒரு தும்மல் போதும், நிறுவைக்குக் கூடையைத் தூக்கினால் போதும், சிறுநீர் கசிந்துவிடும். எனக்கு 26 வயது. முதல் பிள்ளைக்குப் பிறகு வந்தது இது.

லயத்தில் மூத்தவர்களிடம் சொன்னால், "பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்பார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மாற்ற முடியாததைப் பொறுத்துக்கொள்ளலாம். மாறக்கூடியதையும் ஏன் ஆயுள் முழுக்கப் பொறுக்க வேண்டும்?

மூத்திரப்பையையும் கருப்பையையும் அடியிலிருந்து தாங்கும் தசைகள் பிரசவத்தில் தளர்ந்துபோகின்றன. பாரம் தூக்குவது, நாள்பட்ட இருமல், மலச்சிக்கல் எல்லாம் தளர்வைக் கூட்டும். இதற்கான பயிற்சியை 1948இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னோல்ட் கீகல் எழுதிவைத்தார். காற்றை அடக்குவதுபோல உள்ளே இறுக்கி, பிறகு தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு 8 முறை, நாளுக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதம். இருமல் வருமுன்பே இறுக்கிக்கொள்ளப் பழகினால் அந்த நேரக் கசிவும் குறையும். மலையில் நின்றபடியே செய்யலாம். பக்கத்து நிரையில் நிற்பவளுக்கும் தெரியாது. நான் விடாமல் செய்கிறேன். தும்மலுக்கு இப்போது பயமில்லை. கூடை பாரமான நாட்களில் மட்டும் கொஞ்சம் கசிகிறது.

ஆனால் தசையை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் கொழுந்தெடுக்கும் மலையில் கக்கூஸ் கிடையாது. அதனால் பலர் காலையில் தேத்தண்ணியைக்கூட அரைக் கோப்பையோடு நிறுத்திவிடுகிறார்கள். தண்ணீர் குறைந்தால் மூத்திரம் கடுக்கும், பை எரிச்சல்படும், கிருமித் தொற்றும் வரும். கசிவுக்குப் பயந்து வாயைக் கட்டுகிறவள் இன்னொரு நோயைத் தேடிக்கொள்கிறாள். மலைக்கு ஒரு கக்கூஸ் கேட்பதும் இதற்கான வைத்தியம்தான்.

நாட்டில் 1996இல் தொடங்கிய, பெண்களின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் சுகவனிதையர் கிளினிக்குகள் முக்கியமாக 35 வயதை எட்டிய பெண்களை மனதில் வைத்தவை. நம் வயதுக்காரிகள் அதுவரை காத்திருக்க வேண்டாம். தங்கச்சி, அடுத்த முறை பிள்ளையை நிறுக்கக் கொண்டுபோகும்போது மிட்வைஃபிடம் உன் கதையையும் சொல். மூத்திரம் எரிந்தாலோ, இரத்தம் கலந்து போனாலோ, அடிவயிற்றில் ஏதோ இறங்குவதுபோல இருந்தாலோ அதுவரையும் பொறுக்காமல் உடனே டாக்டரிடம் போ.