பெருநாள் பயணமும் பிறர் உரிமையும்

  

 

பெருநாள் நெருங்கிவிட்டால் நம் இளைஞர்கள் என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்பார்கள். "ஹஜ்ரத், குடும்பத்தோடு, கூட்டாளிகளோடு ஊர் சுற்றிப் பார்க்கப் போவது மார்க்கத்தில் கூடுமா?"

தாராளமாகக் கூடும். பூமியில் பயணம் செய்து, படைப்பை எப்படித் தொடங்கினான் என்று பாருங்கள் என அல்லாஹ்வே அன்கபூத் அத்தியாயத்தில் (29:20) சொல்கிறான். மனைவி மக்களை மகிழ்வித்தால் அதற்கும் நன்மை உண்டு. ஆனால், போவது கூடுமா என்று கேட்கிற நாம், போன இடத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கேட்பதில்லை. இன்று அதைத்தான் பேசப் போகிறேன். இதில் முதல் குற்றவாளி நானே என்பதால் கொஞ்சம் வெட்கத்தோடுதான் பேசுகிறேன்.

நமக்குப் பக்கத்தில் அல்லாஹ்வின் அத்தாட்சிகளைப் பார்க்க மரக்காணத்தைப் போல ஓர் இடம் இல்லை. திண்டிவனத்திலிருந்து கிழக்கே போனால் சாலையின் இரு பக்கமும் கண்ணாடி பதித்தது போல உப்பளம். தெற்கே கழுவேலி ஏரி. மழைக்காலத்தில் மேற்கேயுள்ள ஏரிகளின் உபரி நீர் அதில் வந்து சேரும். வடகிழக்கில் உப்பங்கழி வழியாகக் கடல் நீரும் உள்ளே வரும். 2021 டிசம்பரில் அதைப் பறவைகள் சரணாலயமாக அரசு அறிவித்தது. பூநாரைகள் கூட்டமாக நிற்பதை அங்கே பார்க்கலாம். பறவைகளை வானத்தில் தாங்கி நிறுத்துபவன் ரஹ்மான்தான் என்று முல்க் அத்தியாயத்தில் (67:19) ஓதுகிறோமே, அந்த வசனத்தை அங்கே நின்று ஒரு தடவை ஓதிப் பாருங்கள்.

வடக்கே சற்றுத் தள்ளி ஆலம்பரைக் கோட்டை. 1735 வாக்கில் நவாப் தோஸ்த் அலி கானின் ஆட்சியில் இருந்தது. 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. 1760இல் ஆங்கிலேயர் இடித்தார்கள். இன்று ஆடு மேய்கிறது. அதைப் பற்றி இன்னொரு ஜும்ஆவில் பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.

நான் மரக்காணத்துக்கு முதன்முதலில் போனது அரபிக் கல்லூரி மாணவனாக. ஷஅபானில் பரீட்சை முடிந்து, எங்கள் உஸ்தாது ஒருவர் எங்களை வேனில் அழைத்துப் போனார். அந்த ஆண்டுதான் திர்மிதி கிதாபில் ஒரு ஹதீஸ் படித்திருந்தோம். அப்யழ் இப்னு ஹம்மால் (ரலி) அவர்கள் யமன் நாட்டின் மஃரிப் பகுதியிலுள்ள உப்பு நிலத்தைத் தமக்குத் தரும்படி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். நபியவர்களும் கொடுத்துவிட்டார்கள். அவர் எழுந்து போனதும் சபையில் இருந்த ஒருவர், நீங்கள் அவருக்குக் கொடுத்தது வற்றாத நீரைப் போன்றது அல்லவா என்று எடுத்துச் சொன்னார். உடனே நபியவர்கள் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

உப்பு எப்படி வற்றாத நீராகும்? வகுப்பில் எனக்குப் புரியவில்லை. உஸ்தாது எங்களை உப்பள வரப்பில் நிறுத்தி விளக்கினார். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காயவிடுகிறார்கள். கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கிறது. வாரி எடுத்து, மறுபடியும் நீர் பாய்ச்சினால் மறுபடியும் பூக்கிறது. "எடுக்க எடுக்க வருகிறது பார், இதைத்தான் அந்த மனிதர் சொன்னார்" என்றார். உழைப்பில்லாமல் வெளிப்படையாகக் கிடைக்கும் இப்படிப்பட்ட கனிமத்தைத் தனி ஒருவருக்குச் சொந்தமாக்கக் கூடாது, அது பொதுமக்களின் உரிமை என்று ஃபுகஹாக்கள் சட்டம் எடுத்தது இந்த ஹதீஸிலிருந்துதான்.

அதோடு அவர் விடவில்லை. "கடல் பொது. ஆனால் இந்தப் பாத்தி பொது இல்லை. இதை மிதித்து மிதித்துத் தரை கெட்டிப்படுத்தியிருக்கிறார்களே, அந்தக் காலுக்கு உரிமை இருக்கிறது" என்றார். அப்போது தலையாட்டினேன். இருபது வருடம் கழித்துத்தான் அந்த வார்த்தை என்னைப் பிடித்தது.

சென்ற ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த ஞாயிறு நம் மஹல்லாவிலிருந்து மூன்று வேன்களில் போனோமே, உங்களில் பலர் வந்திருந்தீர்கள். நல்ல நாள் அது. வருடக்கணக்கில் பேசாமல் இருந்த இரண்டு குடும்பத்தார் ஒரே சஹனில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். என் தாயார் பல வருடங்களுக்குப் பிறகு கடலில் கால் நனைத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

திரும்பும் வழியில் உப்பளத்துப் பக்கம் வண்டியை நிறுத்தினோம். போட்டோ எடுக்க வரப்பில் ஏறினோம். சிறுவர்கள் சிலர் பாத்திக்குள் இறங்கி ஓடிப்பிடித்து விளையாடினார்கள். ஒருவர் கூப்பிட்டுக் கண்டித்தார். ஒரு பையன் கேட்டான்: "கடல் தண்ணிதானே ஹஜ்ரத்?" நாங்கள் சிரித்துவிட்டு வண்டியில் ஏறினோம்.

இரண்டு வாரம் கழித்து, அந்தச் சாலையில் கடை வைத்திருக்கும் நம் சகோதரர் ஒருவர் என்னிடம் தனியாகச் சொன்னார்: "ஹஜ்ரத், நம்ம பசங்க இறங்கின பாத்தியில் மண் கலங்கி உப்பு கெட்டுப்போச்சாம். வேலை செய்றவங்க வருத்தப்பட்டாங்க."

அன்று இரவு ஃபுர்கான் அத்தியாயம் ஓதிக்கொண்டிருந்தேன். 53ஆம் வசனத்தில் அல்லாஹ் இரண்டு கடல்களைப் பேசுகிறான். ஒன்று தாகம் தீர்க்கும் இனிய நீர். மற்றது உப்பும் கசப்புமானது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தடுப்பு. அந்தத் தடுப்பு என்பது இடையிலுள்ள வறண்ட நிலம் என்று இப்னு கஸீர் (ரஹ்) விளக்கம் எழுதுகிறார்கள். அங்கிருந்து பத்தே வசனம் தள்ளி, 63இல், ரஹ்மானின் அடியார்கள் யார் என்று அறிமுகம் தொடங்குகிறது. முதல் அடையாளமாக அல்லாஹ் சொல்வது தொழுகையை அல்ல, நோன்பை அல்ல. அவர்கள் பூமியின் மீது பணிவாக நடப்பார்கள் என்று நடையைச் சொல்கிறான். இரவுத் தொழுகை அடுத்த வசனத்தில்தான் வருகிறது. எத்தனை தடவை ஓதியிருப்பேன்! உப்பு நீரின் வசனத்துக்குப் பக்கத்திலேயே நடையின் வசனம் இருப்பதை அன்றுதான் கவனித்தேன்.

நம்ல் அத்தியாயத்தில் (27:18) ஓர் எறும்பு மற்ற எறும்புகளை எச்சரிக்கிறது: சுலைமானும் அவருடைய படையும் தெரியாமல் உங்களை மிதித்துவிடக் கூடாது, வீட்டுக்குள் போய்விடுங்கள் என்று. எறும்புகூட அந்தப் படைக்குத் 'தெரியாமல்' என்று ஒரு சலுகை கொடுத்தது. நமக்கு அந்தச் சலுகையும் இல்லை. ஒருவர் தடுத்தார், நாம் சிரித்தோம்.

சிறுவன் செய்த சேதத்துக்கு அவன் மீது பாவம் இல்லை. ஆனால் சேதத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்பது ஃபிக்ஹுச் சட்டம். வேடிக்கை பார்த்த பெரியவனுக்கோ பாவமும் உண்டு. தொழுகை, நோன்பு, ஜகாத் எல்லாவற்றோடும் வந்து, பிறருக்குச் செய்த அநியாயத்துக்காக அவற்றையெல்லாம் இழந்து நிற்பவனே உண்மையான ஓட்டாண்டி என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது.

மறுநாள் அஸருக்குப் பின் அந்தப் பையன்களின் தகப்பனார்களையும் அழைத்துக்கொண்டு போனேன். விசாரித்து விசாரித்து, அந்தப் பாத்தியில் வேலை செய்யும் அம்மாவைக் கண்டுபிடித்தோம். அறுபது வயது இருக்கும். வெயிலில் உப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் சுருங்கிய முகம். குதிகால் வெடித்து வெள்ளையாக இருந்தது. நாங்கள் வந்த காரணத்தைச் சொன்னோம். ஈடு எவ்வளவு என்று கேட்டோம்.

அந்த அம்மா சொன்னார்: "பசங்க வெளயாடுனதுதானே பாய். பாத்திய வடிச்சு உட்டுட்டு மறுபடி மிதிச்சுட்டோம். அது போவட்டும். அன்னைக்கு ஒரு வாய் தண்ணி கேட்டேன். யாரும் காதுல வாங்கல."

சகோதரர்களே, எனக்கு நினைவு வந்தது. வேனின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே இருபது லிட்டர் கேன் இருந்தது, பாதிக்கு மேல் தண்ணீரோடு. அதன் பக்கத்தில் நின்றவன் நான். யாரோ ஏதோ கேட்டது போலவும் இருந்தது. என் கையில் போன் இருந்தது, சூரியன் மறைவதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். மீதித் தண்ணீரில் பிறகு சஹன் கழுவினோம்.

வழியில் தேவைக்கு மேல் தண்ணீர் வைத்திருந்து, வழிப்போக்கனுக்குத் தர மறுத்தவனை அல்லாஹ் மறுமை நாளில் பார்க்க மாட்டான் என்ற ஹதீஸ் புகாரியில் வருகிறது. நானே இந்த மிம்பரில் நின்று அதைச் சொல்லியிருக்கிறேன். அதைச் சொன்ன வாய் இது. கேட்காத காதும் இதே தலையில்தான் இருக்கிறது.

சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், ஒரு வாய் குடிக்க முடியாது. அந்தத் தொழிலாளர்களின் நிலை அதுதான். காலையில் வீட்டிலிருந்து கொண்டுவரும் தண்ணீர் தீர்ந்தால் தீர்ந்ததுதான். நாம் குடிக்கும் நீரை நாடினால் உவர்ப்பாக ஆக்கிவிடுவோம் என்று வாகிஆ அத்தியாயத்தில் (56:70) அல்லாஹ் சொல்வது நமக்கு ஓதும் வசனம், அவர்களுக்கு அன்றாடம். இந்த வேலையும் வருடம் முழுக்க இல்லை. அக்டோபரில் மழை பிடித்தால் பாத்தி எல்லாம் ஒரே ஏரியாகிவிடும். அந்த மாதங்களுக்காகத்தான் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. ஒரு குடும்பத்துக்கு அது எத்தனை நாள் வரும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

ஈட்டுத் தொகையை அந்த அம்மா வாங்க மறுத்தார். இது தர்மம் இல்லை, எங்கள் மீது உள்ள கடன் என்று எடுத்துச் சொன்ன பிறகு வாங்கிக்கொண்டார். மன்னித்தீர்களா என்று கேட்டேன். "அட, போ பாய்" என்று சிரித்தார். அதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ளலாமா என்று எனக்கு இன்றும் உறுதியாகத் தெரியவில்லை. ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் அந்த அம்மாவின் பிள்ளைகளுக்காக துஆ செய்கிறேன்.

இந்தப் பெருநாளுக்கும் வேன் கேட்டிருக்கிறீர்கள். போவோம். உப்பளத்துக்குள் யாரும் இறங்க வேண்டாம். அங்கே உள்ளவர்களிடம் கேட்டு வரப்பில் நின்று பாருங்கள். வேலை செய்யும் பெண்களைப் போட்டோ எடுக்காதீர்கள். நம் வீட்டுப் பெண்களை யாராவது அப்படி எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்? கழுவேலியில் பறவைகளைப் பறக்கவிட்டு வீடியோ எடுக்கக் கல்லெறிவதும் வேண்டாம். கடலில் இறங்குவோர் மீனவர்களைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

பெருநாளுக்கு மறு ஞாயிறு, ஃபஜ்ர் தொழுதுவிட்டுப் புறப்பாடு. பெயர் கொடுப்பவர்கள் முஅத்தினிடம் கொடுங்கள். சென்ற முறை ஒரு வேனுக்கு ஒரு கேன் ஏற்றினோம். இந்த முறை மூன்று ஏற்றச் சொல்லியிருக்கிறேன், டம்ளர்களோடு. அந்த அம்மா இருக்கும் பக்கம் எனக்குத் தெரியும். முதலில் அங்கேதான் வண்டி நிற்கும், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.