அயலாரின் செவி

ஒருவர் பாடிய பாட்டை முழுவதுமாகக் கேட்கவேண்டும் என்று இன்னொருவரிடம் கோருவதற்கு உரிமை உண்டா? பாராட்டைக் கோர முடியாது. பணத்தையும் கோர முடியாது. ஆனால் மூன்று நிமிடச் செவிமடுப்பை? பிடித்தால் கேட்பேன், பிடிக்காவிட்டால் அடுத்ததற்குத் தாவுவேன் என்பதுதான் இன்று நம்மில் அநேகர் கடைப்பிடிக்கும் நெறி. அதனால் யாருக்கும் தீங்கு நேர்வதாகத் தெரிவதில்லை. இங்கிலாந்தின் உள்ளூர் வானொலிகளைக் கேட்டுவரும் பழக்கம் எனக்கு உண்டு. அந்த நெறி போதாது என்ற எண்ணம் அதன் வழியாகத்தான் வந்தது.

பிபிசி 2007இல் ‘பிபிசி இன்ட்ரொடியூசிங்’ என்றொரு திட்டத்தைத் தொடங்கியது. ஒலிப்பதிவு நிறுவனம் எதனோடும் ஒப்பந்தம் இல்லாத, பெயர் அறியப்படாத பாடகர்களுக்கும் குழுக்களுக்குமான திட்டம் அது. முறை எளிது. படுக்கையறையிலோ நண்பர் வீட்டு கராஜிலோ பதிவுசெய்த பாட்டை ஒருவர் இணையம் வழியாக அனுப்புகிறார். அவருடைய அஞ்சல் குறியீட்டை வைத்து அது அவர் வாழும் பகுதியின் வானொலியைச் சென்றடைகிறது. அங்கே வாரத்துக்கொரு மாலை நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் அதைக் கேட்கிறார்கள். பிடித்தால் ஒலிபரப்புகிறார்கள். மிகவும் பிடித்தால் தேசிய வானொலிக்குப் பரிந்துரைக்கிறார்கள். கிளாஸ்டன்பரி இசைவிழாவில் இத்திட்டத்துக்கென ஒரு மேடை உண்டு. எட் ஷீரன் 2011இல் அங்கே பாடினார்.

எட் ஷீரனைச் சொல்லாமல் இத்திட்டத்தைப்பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. ஆனால் வெற்றிக் கதை இங்கே கேள்வியை மறைத்துவிடுகிறது. பாட்டு அனுப்புகிறவர்களில் மிகப் பெரும்பாலானோர் எட் ஷீரன் ஆகப்போவதில்லை. ஒரு முறை ஒலிபரப்பாகும், அம்மாவும் நண்பர்களும் கேட்பார்கள், அதோடு சரி. அந்த ஒரு முறைக்கு ஏதாவது மதிப்பு உண்டா என்பதே என் கேள்வி.

நண்பர் ஒருவரிடம் இதைப் பேசியபோது அவர் சொன்னார்: “அண்ணை, நல்ல பாட்டுகளைக் கேட்கவே ஆயுள் காணாது. பிறகேன் உந்தப் பழகுற பெடியளின்ரை பாட்டை றேடியோவிலை போடுறாங்கள்?”

நியாயமான கேள்வி. ஒரு மணித்தியாலத்தில் அறுபது நிமிடங்களே உண்டு. அறியாத ஒருவருக்குக் கொடுக்கும் மூன்று நிமிடம் அறிந்த ஒருவரிடமிருந்து எடுத்ததுதான். ஆனால் நண்பரின் கேள்வியில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. எது நல்ல பாட்டு என்பது கேட்கும் முன்பே தெரிந்துவிட்டதாக அது எடுத்துக்கொள்கிறது. நாம் கொண்டாடும் ஒவ்வொரு பாட்டையும், அது நல்லதென்று யாருக்கும் தெரியாத ஒரு நாளில், யாரோ ஒருவர் கடைசிவரை கேட்டிருக்கிறார். அவர் நல்லதை மட்டும் கேட்கவில்லை. சுமாரானவற்றையும் மோசமானவற்றையும் கேட்டுத்தான் அதனிடம் வந்து சேர்ந்தார். அந்த உழைப்பின் பலனை நாம் எல்லோரும் அனுபவிக்கிறோம். அந்த உழைப்பில் யாருமே பங்கெடுக்காவிட்டால், ஊர்க் கிணற்றில் எல்லோரும் தண்ணீர் அள்ளி ஒருவரும் தூர்வாராத கதையாகிவிடும்.

தூர்வாரியவர்களில் பேர்பெற்றவர் ஜோன் பீல். 1967இலிருந்து 2004இல் இறக்கும்வரை பிபிசி ரேடியோ 1இல் நிகழ்ச்சி நடத்தியவர். தனக்கு வந்து குவிந்த நாடாக்களையும் இசைத்தட்டுகளையும் கேட்பதையே வாழ்நாள் வேலையாக வைத்திருந்தார். 1978 செப்டெம்பரில் ‘தி அண்டர்டோன்ஸ்’ என்ற இளைஞர் குழுவின் பாட்டொன்றை ஒலிபரப்பி, முடிந்த கையோடு அதையே மறுபடியும் ஒலிபரப்பினார். அந்த இளைஞர்கள் வட அயர்லாந்தின் டெரி நகரத்தவர்கள். இசைத்தட்டை வெளியிட்டது பெல்ஃபாஸ்டில் இசைத்தட்டுக் கடை நடத்திய ஒருவரின் சிறிய நிறுவனம். அந்த ஊர்களிலிருந்து குண்டுவெடிப்புச் செய்திகளே வந்துகொண்டிருந்த காலம் அது. அங்கிருந்து ஒரு காதல் பாட்டும் வர முடியும் என்பது அன்றிரவு பலருக்குத் தெரிந்தது. யுத்தச் செய்தியால் மட்டுமே உலகம் அறிந்திருந்த ஊர்களிலிருந்து வந்த நமக்கு இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை.

ஆனால் பீலின் கதையில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒரு தனிமனிதரின் ரசனை வாசற்காவலனாகிவிடுகிறது. அவருக்குப் பிடிக்காதவர்கள் எங்கே போவார்கள்? இதற்கு நான் காணும் விடை, செவிகளைப் பெருக்குவதுதான். லண்டனில் ஒரு செவி இருப்பதைவிட லெஸ்டரில் ஒன்று, லீட்ஸில் ஒன்று, நோரிச்சில் ஒன்று என்று இருப்பது நீதிக்கு நெருக்கமானது. ஒருவர் தவறவிட்டதை இன்னொருவர் பிடிப்பார். உள்ளூர் வானொலியின் அறம் இந்தப் பன்மையில்தான் இருக்கிறது.

இங்கே வலுவான ஆட்சேபம் ஒன்று எழும். பக்கத்தில் இருப்பவன் என்பதற்காக ஒருவனுக்கு முன்னுரிமை கொடுப்பது பாரபட்சம் இல்லையா? ஆஸ்திரேலியத் தத்துவவாதி பீட்டர் சிங்கர் 1972இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், தூரம் அறத்தில் வித்தியாசம் எதையும் உண்டாக்காது என்று வாதிட்டார். கண்முன்னே குளத்தில் மூழ்கும் குழந்தையைக் காப்பாற்றும் கடமை நமக்கு உண்டென்றால், கண்காணாத தேசத்தில் பசியால் சாகும் குழந்தையையும் காப்பாற்றும் கடமை உண்டு என்பது அவர் வாதம். பண விடயத்தில் அவர் சொல்வதை நான் ஏற்கிறேன். இங்கிருந்து அனுப்பும் பணம் வன்னிக்கும் போகும், சூடானுக்கும் போகும்.

செவி அப்படிப் பயணிப்பதில்லை. லெஸ்டரில் ஒரு பெண் தான் வேலை செய்யும் பண்டகசாலையின் இரவுப் பணியைப்பற்றிப் பாடினால், அந்தப் பண்டகசாலைக்குப் போகும் பேருந்தில் ஏறியவருக்கு அது ஒன்றாகக் கேட்கும். சியோலில் இருப்பவருக்கு வேறொன்றாகக் கேட்கும். அவளுடைய உச்சரிப்பில் எது பிழை, எது அந்த ஊர்ப் பேச்சு என்று பிரித்தறிய அயலவரால்தான் முடியும். அவள் பாட்டு உலகின் மற்றப் பாட்டுகளைவிட உயர்ந்தது என்பதால் அயலவருக்குக் கடமை வருவதில்லை. அதைச் சரியாகக் கேட்கக் கூடியவர் அவர்தான் என்பதால் வருகிறது. அவரும் கேட்காவிட்டால் அந்த வேலை செய்யப்படாமலே போய்விடும்.

சரி, அயலவர் என்பவர் யார்? இந்தக் கேள்வியில் சட்டங்களே தடுமாறியிருக்கின்றன. கனடா 1971இல், வானொலிகள் ஒலிபரப்பும் இசையில் 30 சதவீதமாவது கனடிய இசையாக இருக்கவேண்டும் என்று விதித்தது. பிறகு அது 35 சதவீதம் ஆயிற்று. எது கனடிய இசை? இசையமைப்பு, பாடியவர், பதிவு அல்லது நிகழ்த்தல் நடந்த இடம், பாடல் வரிகள் என்ற நான்கில் இரண்டு கனடாவுக்குரியதாக இருக்கவேண்டும் என்றார்கள். 1991இல் பிரையன் அடம்ஸ் வெளியிட்ட தொகுப்பின் பாட்டுகள் இந்தக் கணக்கில் தேறவில்லை. அவர் வெளிநாட்டவர் ஒருவருடன் சேர்ந்து எழுதியதே காரணம். கனடியர்களுக்கு அவர் கனடியர், கணக்குக்கு இல்லை. நான் ஒதுக்கீட்டுக்கு எதிரானவன் அல்ல. பக்கத்தில் அமெரிக்கா என்ற யானை படுத்திருக்கும்போது வேலி தேவைதான். ஆனால் ஒதுக்கீட்டை ஏற்கெனவே புகழ்பெற்ற கனடியர்களை வைத்தே நிரப்பிவிடலாம். விகிதத்தைச் சட்டத்தால் கட்டாயப்படுத்த முடியும். ஒருவரை உட்கார்ந்து கேட்கவைக்க முடியாது.

இந்த இடத்தில்தான் அஞ்சல் குறியீடு என்ற எளிய ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். அது உன் அப்பா எந்த ஊர் என்று கேட்பதில்லை. நீ இப்போது எங்கே தூங்கி எழுகிறாய் என்று மட்டும் கேட்கிறது. ஹரோவில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை அனுப்பும் பாட்டு லண்டன் பாட்டாகவே போய்ச் சேர்கிறது. ஆசிய நெட்வேர்க் என்ற இன்னொரு வாசலும் அதே பிள்ளைக்கு உண்டு. அந்த வானொலியே உள்ளூர்ச் செவியிலிருந்து பிறந்ததுதான். பிபிசியின் முதல் உள்ளூர் நிலையமாக 1967இல் தொடங்கிய ரேடியோ லெஸ்டர், 1976இல் ஆசியர்களுக்காக ஒரு மாலை நிகழ்ச்சியை ஆரம்பித்தது. அதன் வளர்ச்சிதான் ஆசிய நெட்வேர்க். ஆனால் பஞ்சாபியும் ஹிந்தியும் அங்கே ஒலிக்கும் அளவுக்குத் தமிழ் ஒலிப்பதில்லை.

மூன்றாவது வாசல் நம்முடையது. இங்கேதான் எனக்குச் சங்கடம் தொடங்குகிறது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் தமிழ் வானொலிகள் பல்லாண்டுகளாக இயங்குகின்றன. மரண அறிவித்தல், தாயகச் செய்தி, பட்டிமன்றம் என்று அவை செய்யும் சேவையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இசை என்று வந்தால், அவை பெரும்பாலும் சென்னையின் திரையிசைக்குக் குழாய் பதித்துக்கொடுக்கும் வேலையைத்தான் செய்கின்றன. இங்கே பிறந்து, அரைத் தமிழும் அரை ஆங்கிலமுமாகப் பாட்டுக் கட்டும் பிள்ளைக்கு அந்தக் குழாயில் இடமில்லை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1970களில் இலங்கை வானொலி, தமிழ்நாட்டிலும் விரும்பிக் கேட்கப்பட்ட திரைப்பாடல்களோடு, ஈழத்துக் கலைஞர்களின் மெல்லிசைப் பாடல்களையும் ஒலிபரப்பியது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ போன்ற பொப்பிசைப் பாடல்கள் ஊரெல்லாம் ஒலித்த காலம் அது. அந்த மெல்லிசையில் எல்லாமே உயர்தரம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் நம் ஊர்ப் பேச்சில், நம் ஊர்ப் பகிடியோடு ஒரு பாட்டு இருக்க முடியும் என்பதைப் பலர் முதலில் அறிந்தது அப்படித்தான். சென்னையின் செவிக்கு மட்டும் காத்திருந்தால் அது நடந்திருக்காது.

நாம் பிள்ளைகளுக்கு மேடை கொடுக்கவில்லையா என்று கேட்கலாம். கொடுக்கிறோம், தாராளமாகவே. மண்டபம் எடுத்து, பிரதம விருந்தினர் அழைத்து, பக்கவாத்தியத்துக்குச் சென்னையிலிருந்து ஆள் வரவழைத்து அரங்கேற்றம் செய்கிறோம். பல ஆண்டு உழைப்பு அதில் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அங்கே கிடைக்கும் பாராட்டு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது. பொன்னாடை வாங்கியாயிற்று, இனிக் குரல் எப்படி இருந்தாலும் அது போர்த்தப்படும். மறுக்க முடியாத இடத்தில் கொடுக்கப்படும் பாராட்டு, பெறுகிறவருக்கு எதையும் அறிவிப்பதில்லை. பிள்ளைகளுக்கு இது நன்றாகவே தெரியும்.

உள்ளூர் வானொலி தருவது வேறு. உறவினர் அல்லாத, வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரமுள்ள, ஆனால் தூரத்து அந்நியரும் அல்லாத ஒருவர் கேட்கிறார். அவர் ஒலிபரப்பினால் அது தகவல். ஒலிபரப்பாவிட்டால் அதுவும் தகவல். வலிக்கும், ஆனால் அவமதிப்பு ஆகாது. திருக்குறளில் ‘கேள்வி’ என்று ஓர் அதிகாரம் உண்டு. கேட்பதால் கேட்பவருக்குச் சேரும் செல்வத்தை அது பேசுகிறது. கேட்கப்படுவதால் சொல்பவருக்குச் சேர்வதும் ஒரு செல்வம்தான் என்பது என் துணிபு. அதை அவர் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ள முடியாது. தாயும் தகப்பனும்கூடக் கொடுக்க முடியாது.

இந்தச் செவிகள் குறைந்துகொண்டு போகின்றன. பிபிசி 2023இல் தன் 39 இங்கிலாந்து உள்ளூர் நிலையங்களின் பிற்பகல் நிகழ்ச்சிகளை ஒன்றிணைத்தபோது, 32 ஆக இருந்த இன்ட்ரொடியூசிங் உள்ளூர் நிகழ்ச்சிகள் 20 ஆயின. இணையம் இருக்கிறதே என்றார்கள். இணையத்தில் யாரும் பாட்டேற்றலாம் என்பது உண்மை. ஆனால் ஏற்றுவதற்குக் கிடைத்த அனுமதி கேட்கப்படுவதற்கான உத்தரவாதம் அல்ல. 2024இலிருந்து ஸ்பொட்டிஃபையில், முந்தைய பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் தடவையாவது கேட்கப்படாத பாட்டின் ஒலிப்பதிவுக்கு உரிமைத்தொகை கிடையாது. உள்ளூர் வானொலியில், உரிமைச் சங்கங்களில் பதிவுசெய்த ஒருவரின் பாட்டு ஒரே ஒரு முறை ஒலித்தாலும், சிறிதேனும் ஒரு தொகை உண்டு. வேறுபாடு பணத்தின் அளவில் இல்லை. ஒன்று கூட்டத்தை எண்ணுகிறது; மற்றது ஒரு முறை கேட்டதையும் கணக்கில் வைக்கிறது.

ஆகவே தொடக்கக் கேள்விக்கு என் விடை இது. உலகத்திடம் செவியைக் கோரும் உரிமை எந்தப் பாடகருக்கும் இல்லை. தன் அயலாரிடம், ஒரு முறை, கடைசிவரை கேட்கும்படி கோரும் உரிமை உண்டு. அதற்குமேல் எதுவும் இல்லை. அதற்குக் குறைவாகவும் இல்லை. நம் வானொலிகள் வாரத்துக்கு அரை மணித்தியாலம் இதற்கென ஒதுக்கலாம். விதிகள் இரண்டு போதும். நிகழ்ச்சி நடத்துகிறவரின் உறவினர் பாட்டு வேண்டாம். அனுப்பிய எல்லோருக்கும், பாட்டைக் கடைசிவரை கேட்டவர் என்று தெரியும்படி இரண்டு வரியில் பதில் போகட்டும். “மூண்டாவது வரி நல்லா இருக்கு, முடிவு சரிவரேல்லை, திருத்தி அனுப்புங்கோ” என்ற பதிலைப் பெற்ற பதினாறு வயதுப் பிள்ளை, அன்றிரவு மறுபடியும் கித்தாரை எடுக்கும்.