பூவுக்குப் பட்ட கடன்

விடியறதுக்கு முன்னால் காரியாபட்டிப் பக்கம் போயிருக்கிறீர்களா? நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு பெண்கள் மல்லிகை மொட்டு பறித்துக்கொண்டிருப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் பூ மதுரைக்குப் போயாக வேண்டும். ஒரு அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு விட்டுப்போச்சு தம்பி. ராத்திரி ஒரு வலி மாத்திரை போட்டாத்தான் மறுநா பூ எடுக்க முடியும்" என்றார்.

அந்தப் பூவுக்கும் மாத்திரைக்கும் தூரத்துச் சொந்தம் உண்டு.

1962-ல் ஜாதிமல்லி எண்ணெயிலிருந்து மெத்தில் ஜாஸ்மோனேட் என்ற வாசனைப் பொருளைப் பிரித்தார்கள். செடிக்கு அது ஹார்மோன் என்பது பிறகுதான் புரிந்தது. புழு கடித்தால் செடி அடிக்கும் அபாயச் சங்கு அது! அந்த வாசனை காற்றில் பட்டாலே பக்கத்துத் தக்காளிச் செடி உஷாராகிவிடும் என்று 1990-ல் அமெரிக்காவில் ஃபார்மரும் ரயானும் காட்டினார்கள்.

நம் உடம்பின் சங்கு, புரோஸ்டாகிளாண்டின். வலியும் வீக்கமும் அதன் வேலை. ரெண்டுமே கொழுப்பு அமிலத்தில் பிறந்தவை. ரெண்டிலும் ஐந்து கார்பன் வளையம். இந்தச் சாயலைப் பார்த்து, ஜாஸ்மோனேட்டைக் கொஞ்சம் மாற்றிச் செய்த செயற்கை உறவுகளை எலியின் எதிர்ப்புச் செல்களில் சோதித்தார்கள். சில வகைகள் வீக்கத்தைத் தூண்டும் சமிக்ஞைகளைக் குறைத்தன. மருந்தாக இன்னும் கடைக்கு வரவில்லை. ஆனால் முன்னுதாரணம் உண்டு. சாலிசிலிக் அமிலமும் செடிகளின் தற்காப்பு ஹார்மோன்தான். 1897-ல் பேயர் கம்பெனியில் அதை லேசாக மாற்றியதுதான் ஆஸ்பிரின்.

சரி, கேள்விக்கு வருவோம். நான் காமர்ஸ் படித்தவன். பற்று எழுதினால் வரவும் எழுதியாக வேண்டும். நாளைக்கு ஜாஸ்மோனேட் மருந்து வந்தால், அந்தக் கடன் யார் பேரில்?

செடிக்கா? அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சுரந்தது, நமக்காக இல்லை. தெருவிளக்கில் படித்தவன் மின்வாரியத்துக்குக் கடன்காரனா? விவசாயிக்கா? மதுரை மல்லிக்கு 2013-ல் கிடைத்த புவிசார் குறியீடு பெயரைத்தான் காக்கும். அதோடு, ஜாஸ்மோனேட் எல்லாச் செடியிலும் இருக்கிறது. அணுக்களை மாற்றிவைத்த விஞ்ஞானிக்கு? அவர் உழைத்தார், கூலி நியாயம்.

அப்படியானால் கடனே இல்லையா? இருக்கிறது என்பேன். அப்பா அம்மாவுக்குத் திருப்பித் தர முடியாததை நாம் பிள்ளைகளுக்குத் தருவதில்லையா? கொடுத்தவருக்குச் சேராத கடன், தேவைப்படுகிறவருக்குச் சேர வேண்டும். ஓசியில் வாங்கிய மூலப்பொருளை விலை போடும்போது மறக்கக் கூடாது.

ஆஸ்பிரின் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது, காப்புரிமை என்றோ முடிந்ததால். புது மருந்துக்கு 20 வருஷக் காப்புரிமை. கம்பெனிக்கு அது ஒரு கணக்கு.

அந்த அக்காவின் இடுப்பு 20 வருஷம் காத்திருக்காது, சார்.