ஒரு மரம்தானே!

‘ஒரு மரம்தானே! வெட்டினால் என்ன குறைந்துவிடும்?’

வீடு கட்டத் தொடங்கும் குடும்பத்தலைவரின் மனத்தில் இக்கேள்வி எழுவது இயல்பே. பெங்களூரின் லிங்கராஜபுரம் போன்று வீடுகள் நெருங்கி நிற்கும் பகுதிகளில் ஒவ்வோர் அடி நிலமும் விலைமதிப்புள்ளது. மகளுக்கு ஓர் அறை வேண்டும். முதுமைக்கு வாடகை வருமானம் வேண்டும். குறுக்கே ஓர் அரசமரம் நிற்கிறது. அவரது தேவை பொய்யன்று. ஆனால் அந்த மரம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதா?

அரசு, ஆல், அத்தி ஆகிய மூன்றும் ஓரினத்தவை. இவற்றின் பூக்கள் காய்போன்ற உறைக்குள் மறைந்திருக்கின்றன. மிகச் சிறிய குளவி ஒன்று உள்ளே புகுந்து மகரந்தம் சேர்க்கிறது. அங்கேயே முட்டையும் இடுகிறது. பெரும்பாலும் ஒவ்வொரு வகை மரத்திற்கும் அதற்கே உரிய குளவி உண்டு. மரம் இல்லையேல் குளவி இல்லை; குளவி இல்லையேல் விதை இல்லை. பிற மரங்களில் பழம் அற்றுப்போகும் காலத்திலும் இவை பழுப்பதால் குயிலும் மைனாவும் குக்குறுவானும் பழந்தின்னி வௌவாலும் பசியாறுகின்றன. உண்ட பறவை தன் எச்சத்தின்வழி விதையை வேறிடம் சேர்க்கிறது. பெற்றதற்கு அது செய்யும் கைம்மாறு இதுவே!

பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழக வளாகத்தில் தேவாங்குகள் வாழ்கின்றன. தேவாங்கு தாவாது, கிளைக்குக் கிளை பற்றியே நகரும். இடையில் ஒரு மரம் வீழ்ந்தால் அதன் பாதையே அறுந்துவிடும்.

பகவத்கீதையின் மூன்றாம் அத்தியாயம் உயிர், உணவு, மழை, வேள்வி ஆகியவற்றை ஒரே சக்கரமாகக் காட்டுகிறது. பெற்றுக்கொண்டு திருப்பித் தராதவனை அது கள்வன் என்றே கருதுகிறது. அச்சக்கரத்தில் ஓர் ஆரம் முறிந்தால் மற்றவற்றின்மேல் பாரம் கூடுகிறது.

அவ்வாறே நடந்தும் இருக்கிறது. 1973 முதல் 2010 வரை பெங்களூரில் கட்டடப் பரப்பு 584 சதவீதம் பெருகியது. பசுமை 66 சதவீதமும் நீர்நிலைகள் 74 சதவீதமும் குறைந்தன என இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் கண்டனர். இவ்வளவும் ஒரே நாளில் அழிந்ததன்று. ‘ஒன்றுதானே’ என்று பலர் பலமுறை எண்ணியதன் கூட்டுத்தொகையும் இதில் அடங்கும். மரங்களுள்ள தெருக்களில் பிற்பகல் வெப்பம் 5.6 டிகிரி வரை குறைந்திருந்ததை 2013-இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. மரத்தை இழந்த தெருவில் அந்த வெப்பத்தைத் தாங்குபவர் யார்? நிழலில் கடை விரித்த முதியவளும் வெயிலில் உழைக்கும் கூலியாளும் அல்லவா!

‘நான் ஒருவன் என்ன செய்ய முடியும்?’ என்பது இதன் மறுபக்கம். 2016-இல் பசவேசுவரா சதுக்கத்திலிருந்து ஹெப்பாள் வரை இரும்பு மேம்பாலம் அமைக்க 812 மரங்களை வெட்டத் திட்டமிடப்பட்டது. ஆயிரக்கணக்கான மக்கள் கைகோத்து நின்றனர். 2017 மார்ச்சில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. அங்கே நின்ற ஒவ்வொருவரும் ‘ஒருவர்தான்’!

மரம் வெட்ட அனுமதி பெறவேண்டும் என்று கர்நாடகத்தின் 1976-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அனுமதி கிடைத்தாலும் மனசாட்சியின் கேள்வி மிஞ்சி நிற்கிறது. கன்று நடலாம், நடவும் வேண்டும். எனினும் அது நிழலும் கனியும் தர ஆண்டுகள் பல ஆகும். பசித்த பறவை அதுவரை காத்திராது.

ஆகவே கோடரியை எடுக்குமுன் வரைபடத்தை மாற்ற இயலுமா என்று பார்ப்பதே விவேகம். ஓர் அறையைச் சற்றுச் சுருக்கி ஒரு மரத்தை வாழவிடுபவர் பல்லுயிர்களுக்கு அன்னதானம் செய்தவராகிறார். அந்த வீட்டில் விளக்கேற்றுமுன்பே வழிபாடு தொடங்கிவிடுகிறது.