காக்காப்பொன் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்

கண்ணிமையில் பூசும் பொடியும் உதட்டுச்சாயமும் நகப்பூச்சும் பளபளப்பது பெரும்பாலும் காக்காப்பொன்னால்தான். மைக்கா என்றால் இன்னும் பலருக்குத் தெரியும். ஜார்க்கண்டின் கோடர்மா, கிரீடி மாவட்டங்களிலும் அடுத்திருக்கும் பீகாரின் நவாதாவிலும் அதைப் பொறுக்குகிறவர்களில் ஐந்து வயதுப் பிள்ளைகளும் உண்டு. இது தெரிந்த பிறகும் வாய் மூடி இருப்பது நமக்கு அடுக்காது.

1980-இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அங்கிருந்த சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வாங்குகிறவர்கள் வாங்கிக்கொண்டேதான் இருந்தார்கள். கைவிடப்பட்ட குழிகளில் ஊர்க்காரர்கள் இறங்கினார்கள். கழிவாகக் கிடக்கும் சில்லுகளை அங்கே ‘டிப்ரா’ என்பார்கள். பெரியவர் நுழைய முடியாத பொந்தில் பிள்ளை நுழைந்துவிடும். கையில் சின்னச் சுத்தியல், ஒரு கூடை. மண்ணோடு அள்ளி வந்து, சலித்து, தகடுகளைத் தனியே பிரிக்க வேண்டும். மாலையில் தலைமுடி, புருவம், விரல் இடுக்கு எல்லாம் மினுங்கும். அதே தூசிதான் மூச்சோடு நுரையீரலுக்கும் போகிறது. குழிக்குள் முட்டுக் கிடையாது. மண் சரிந்தால் அவ்வளவுதான். 2016-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் விசாரித்தபோது, இரண்டே மாதங்களில் ஏழு குழந்தைகள் இந்தச் சுரங்கங்களில் இறந்தது தெரியவந்தது. சட்டவிரோதக் குழி என்பதால் புகார் கொடுக்கக் குடும்பத்துக்கே பயம். சாவுகூடக் கணக்கில் ஏறுவதில்லை.

பெற்றவர்களைப் பழிக்காதீர்கள். நாளெல்லாம் பொறுக்கிய சில்லுக்கு உள்ளூர் வியாபாரி கிலோவுக்குச் சில ரூபாய்தான் கொடுக்கிறார். இரண்டு பேர் கூலியில் உலை கொதிக்காததால்தான் பிள்ளையும் கூடை எடுக்கிறது. வியாபாரியிடமிருந்து ஏற்றுமதியாளருக்கு, அங்கிருந்து வெளிநாட்டு நிறமித் தொழிற்சாலைக்கு, பிறகு அழகுசாதன நிறுவனத்துக்கு என்று கை மாற மாற விலை ஏறுகிறது, பொறுப்பு கழன்றுகொள்கிறது. பெரிய நிறுவனங்கள் பல சேர்ந்து 2017-இல் ஒரு கூட்டமைப்பு தொடங்கி, 2022-க்குள் இந்தக் கொடுமையை ஒழிப்பதாக இலக்கு வைத்தன. அந்த ஆண்டும் போய்விட்டது. தொடங்கியபோது ஐந்து வயதில் குழிக்குள் இறங்கிய பிள்ளைக்கு அதற்குள் பத்து வயது.

வாங்குவதை நிறுத்திவிட்டால் நம் பழி தீர்ந்தது என்று எண்ணாதீர்கள். செயற்கை மைக்காவுக்கு மாறிய நிறுவனங்கள் உண்டு. அது தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் எல்லோரும் விலகிக்கொண்டால் அந்த ஊர்களில் அடுப்பு அணையும், பிள்ளை வேறொரு வேலைக்குப் போகும். பெரியவர்கள் உரிமத்தோடு, பாதுகாப்போடு தோண்ட வேண்டும். அவர்கள் கூலியிலேயே வீடு நடக்க வேண்டும். அதற்கான காசு விலையில் சேரட்டும் என்றுதான் நாம் கேட்க வேண்டும்.

இன்றைக்கே கேளுங்கள். உங்கள் வீட்டில் இருக்கும் ஒப்பனைப் பெட்டியின் பின்புறத்தைப் பாருங்கள். மைக்கா என்றோ அதன் குறியீடான சிஐ 77019 என்றோ போட்டிருந்தால் அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள்: எந்த மாவட்டத்துச் சரக்கு, பொறுக்கியவருக்குக் கிலோவுக்கு என்ன கொடுத்தீர்கள், யார் நேரில் போய்ப் பார்த்தார்கள்? பொத்தாம்பொதுவாகப் பதில் வந்தால் மறுபடி எழுதுங்கள். அழகுநிலையம் நடத்துகிறவர்களும் மொத்தமாக வாங்கும் கடைக்காரர்களும் சொன்னால் இன்னும் எடுபடும், சரக்கெடுக்கும்போதே கேளுங்கள். நிறுவனங்களில் கொள்முதல் பார்க்கும் நம் பிள்ளைகளே, குறைந்த விலைக்கு முடித்தோம் என்று பெருமைப்படுவதற்கு முன், அந்த விலையில் யாருடைய கூலி விடுபட்டது என்று கணக்கைப் பிரித்துப் பாருங்கள்.