பாதிச் சாலை

குறுவை அறுவடை சமயத்தில் வேலை விஷயமாக தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி பக்கம் காரில் போனால், பல இடங்களில் சாலையில் பாதிதான் நமக்கு. மீதியில் நெல் காய்கிறது. ஓரமாகக் கல்லோ கட்டையோ வரிசையாக வைத்திருப்பார்கள். உளுந்து என்றால் வண்டி ஏறட்டும் என்றே பரப்புவார்கள், டயர் மிதித்துக் காய் உடையும். நெல்லில் ஏறினால் அரிசி நொறுங்கும். அதனால்தான் கல்.

"ரோடு என்ன இவங்க வீட்டுக் களமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதத்துக்கு வழக்கமான வரம்பு 17 சதவீதம். ஐப்பசி மழையோ தலைக்கு மேல நிக்குது. அறுவடை மெஷின் சில மணி நேரத்தில் மொத்த நெல்லையும் கொட்டிவிட்டுப் போய்விடும். அவ்வளவையும் எங்கே பரப்புவது? அந்த வரம்பையும் அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. ஈர நெல் மூட்டைக்குள்ளேயே முளைத்துவிடும்.

சரி, வேறு வழியில்லாதவர் தன் சுமையை வழிப்போக்கர் தலையில் இறக்கி வைக்கலாமா? 'தாராளமா வைக்கலாம்' என்று சொல்வது எனக்குச் சுலபம். காரில் போகிறவனுக்குக் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். ராத்திரி அந்தக் கல்லில் மோதி விழப்போவது நான் இல்லை. டிவிஎஸ் எக்ஸெல்லில் வீடு திரும்பும் பக்கத்து ஊர்க்காரர். அவர் சார்பில் நான் எப்படிப் பெருந்தன்மை காட்டுவது? அவருடைய நெல்லும் நாலு கிலோமீட்டர் தள்ளி இதே சாலையில்தான் காய்ந்துகொண்டிருக்கும். கல்லை எடுங்கன்னு சொல்ல அவருக்கும் வாய் வராது.